கால் ஊன்றி நிற்பவர்களின் ஆட்டம்

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்று வெளியூர் நண்பர்கள் கேட்டால், நாம் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிப்போம். நேர்க்கோடு போட்டது போன்ற தெருக்கள், போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி, பேக்கரி ரொட்டி, கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னம், ஜூலை 14 கொண்டாட்டம். இந்தப் பட்டியலில் வராத ஒன்றைப் பற்றி இன்று எழுதலாம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சில மரத்தடிகளில் நாலைந்து கிழவர்கள் கூடி நின்று, இரும்புக் குண்டுகளை வீசி, பிறகு குனிந்து தரையை அளந்து சண்டை போட்டுக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்த ஆட்டத்தின் பெயர் பெத்தாங்க். அந்தக் கிழவர்களில் நானும் ஒருவன்.

இந்த ஆண்டு எங்கள் குழு உள்ளூர்ப் போட்டித் தொடர் ஒன்றில் ஆடி முடித்தது. அதைச் சொல்வதற்கு முன், ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் எங்கள் ஐந்தாம் ஆட்டத்தில் நடந்தது புரியும்.

பிரான்சின் தெற்கே, மர்செய் நகருக்கும் தூலோன் துறைமுகத்துக்கும் நடுவில் லா சியோத்தா என்று ஒரு கடற்கரை ஊர். இந்த ஊருக்கு இரண்டு பெருமைகள். லூமியேர் சகோதரர்கள் எடுத்த, ரயில் ஒன்று நிலையத்துக்குள் நுழையும் அந்தப் பழைய படம் இந்த ஊர் ரயில் நிலையத்தில் எடுக்கப்பட்டதுதான். இரண்டாவது பெருமை நம்முடைய ஆட்டம். மூன்றாவதாக நமக்கென்று ஒரு தொடர்பும் உண்டு. நம்மூர்க்காரர்கள் சைகோனுக்கு வேலைக்குப் போன காலத்தில் பெரியவர்கள் வாயில் புழங்கிய பெயர் 'மெசாழெரி மாரிதீம்' கப்பல் கம்பெனி. அந்தக் கம்பெனியின் கப்பல் கட்டும் தளம் லா சியோத்தாவில்தான் இருந்தது.

அந்தப் பக்கத்தில் அதற்கு முன்பே ஒரு குண்டு ஆட்டம் இருந்தது. 15 முதல் 21 மீட்டர் தூரத்துக்குக் குண்டை வீச வேண்டும். எதிராளியின் குண்டை அடிக்க வேண்டுமென்றால் மூன்று எட்டு ஓடிவந்து அடிக்க வேண்டும். காலில் பலம் உள்ளவனுக்கான ஆட்டம். அதில் கெட்டிக்காரராக இருந்தவர் ழூல் லெனுவார். வயதானபோது அவருக்கு மூட்டுவாதம் வந்துவிட்டது. ஓட முடியவில்லை. மைதானத்துக்கு வந்து, ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாமல் தன் குண்டுகளைக் கிட்டத்திலேயே வீசிப் பார்த்துக்கொள்வார். அந்த மைதானத்தை நடத்தியவர்கள் பித்தியோ சகோதரர்கள். அவர்களில் ஒருவரான எர்னெஸ்த் பித்தியோ, நண்பரின் நிலையைப் பார்த்து ஒரு யோசனை சொன்னார்: தரையில் ஒரு வட்டம் போடுவோம், அதற்குள் இரண்டு காலையும் ஊன்றி நின்று வீசுவோம், தூரத்தையும் குறைத்துக்கொள்வோம். ஓட்டமும் கிடையாது, எட்டு வைப்பதும் கிடையாது. 1907 என்றும் 1910 என்றும் இதற்கு இரண்டு ஆண்டுகள் சொல்கிறார்கள்.

அந்த ஊர்ப் பேச்சில் காலுக்கு 'பெ', ஊன்றியதற்கு 'தாங்கா'. இரண்டும் சேர்ந்துதான் பெத்தாங்க் ஆயிற்று. அதாவது, 'ஊன்றிய கால்'. பெயரிலேயே அதன் கதை முழுவதும் இருக்கிறது. ஓட முடியாமல் போன ஒருவரை ஆட்டத்தை விட்டு விலக்காமல், அவருக்காக ஆட்டத்தையே மாற்றிக்கொண்டார்கள். விளையாட்டுகளின் வரலாற்றில் இப்படி நடந்தது அபூர்வம் என்று நினைக்கிறேன். எல்லா விளையாட்டும் வேகமானவனுக்கும் பலசாலிக்கும் பரிசு தருவதற்காகத்தான் வளர்ந்திருக்கின்றன.

பார்க்காதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 3 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சிறிய மர உருண்டை ஒன்றை முதலில் வீசுவார்கள். அது வட்டத்திலிருந்து 6 முதல் 10 மீட்டருக்குள் விழ வேண்டும். பிரெஞ்சில் அதற்குக் 'கொஷோனே' என்று பெயர், பன்றிக்குட்டி என்று அர்த்தம். நாங்கள் 'குட்டி' என்போம். அதற்கு யாருடைய குண்டு மிக அருகில் நிற்கிறதோ, அந்தச் சுற்று அவர்களுக்கு. முதலில் 13 புள்ளி எடுத்தவர் வென்றார். குண்டு ஒன்று 650 முதல் 800 கிராம் வரை எடை இருக்கும். இந்தக் குண்டுக்கு பிரெஞ்சில் உள்ள பெயரைத் தமிழ் வீட்டில் உரக்கச் சொன்னால் பாட்டி செருப்பை எடுப்பாள். ஆகவே நம்மூரில் அது ஆரம்பத்திலிருந்தே 'குண்டு'தான். புரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

மூவர் குழு ஆட்டத்தில் ஆளுக்கு 2 குண்டு. ஒருவர் குட்டியின் அருகே குண்டைக் கொண்டுபோய் வைப்பவர். ஒருவர் எதிராளியின் குண்டை அடித்து விரட்டுபவர், அவரை 'தீரேர்' என்போம். நடுவில் நிற்பவர் இரண்டும் தெரிந்தவராக இருக்க வேண்டும். சின்ன வயதில் கோலி ஆடியவர்கள் நல்ல தீரேர் ஆகிறார்கள் என்பது என் அனுபவம். கண்ணும் மணிக்கட்டும் அந்தப் பழக்கத்தை மறப்பதில்லை.

பழைய காலத்தில் குண்டுகள் மரத்தால் ஆனவை. மேலே இரும்பு ஆணிகளை மீன் செதில் போல நெருக்கமாக அடித்திருப்பார்கள். முழுக்க உலோகத்தாலான குண்டு 1920களில்தான் வந்தது. அதன்பின் ஆட்டம் வேகமாகப் பரவியது. 1945இல் பிரான்சில் இதற்கெனத் தேசிய அமைப்பு, 1958இல் சர்வதேச அமைப்பு, 1959இல் பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் முதல் உலகப் போட்டி.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இடங்களிலெல்லாம் இது வேர்விட்டது. மடகாஸ்கர் 1999இலும் 2016இலும் உலகக் கோப்பையைத் தூக்கியது. ஆண்டவர்களை அவர்களுடைய ஆட்டத்திலேயே தோற்கடித்தார்கள். கம்போடியா, லாவோஸ், வியட்நாமிலும் ஆடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் ஆளாத தாய்லாந்தில் அரசரின் தாயாரே இதில் ஆர்வம் கொண்டு பரப்பினார் என்பது வேடிக்கை.

நம்மூருக்கு வருகிறேன். நான் சிறுவனாக எங்கள் பகுதியில் முதலில் பார்த்தது 'சொல்தா' வீடுகளில். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு திரும்பியவர்களை நாம் அப்படித்தானே சொல்வோம். அவர்கள் கொண்டுவரும் தகரப் பெட்டியில் வாசனை சோப்பு, ஒயின் பாட்டில்களோடு கனமான தோல் பை ஒன்றும் இருக்கும். அதில்தான் குண்டுகள். மாலையில் வீட்டு வாசலிலேயே ஆட்டம் தொடங்கிவிடும். வெள்ளை உடை வேண்டாம், புல்தரை வேண்டாம், சங்கத்தில் உறுப்பினர் ஆக வேண்டாம். கப்பி மண் தரையும் கொஞ்சம் நிழலும் போதும். கவர்னர் மாளிகை வழியாக வந்த ஆட்டம் அல்ல இது. சிப்பாயின் பெட்டியில் வந்த ஆட்டம்.

இப்போது எங்கள் குழு. பெயர்கள் வேண்டாம், உறவும் தொழிலும் போதும். ஒருவர் சொல்தா அண்ணன், எழுபதைத் தாண்டியவர். இரண்டாமவர் பஞ்சாலையில் வேலை பார்த்து, ஆலை மூடியபின் கிடைத்த வேலையெல்லாம் செய்தவர். மூன்றாவது நான், குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன்.

சொல்தா அண்ணனும் ஆலைக்காரரும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். இளைய தலைமுறைக்கு இது தெரியாமல் இருக்கலாம்: 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறினாலும், சட்டப்படி ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், இங்கே பிறந்தவர்கள் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுக்காவிட்டால் இந்தியர். சொல்தா அண்ணனின் அப்பா கையெழுத்துப் போட்டார். ஆலைக்காரரின் அப்பா போடவில்லை. ஒரு காகிதம், ஒரு கையெழுத்து. ஒரு வீட்டுப் பிள்ளை பிரான்சுக்குப் போய் யூரோவில் பென்ஷன் வாங்குகிறான். அடுத்த வீட்டுப் பிள்ளை ஆலைச் சங்கு நின்றபின் மூட்டை தூக்குகிறான். என் வேலைக் காலத்தில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளைப் பிரெஞ்சிலிருந்து படித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்துகொண்டே இருக்கும். அப்பா ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டு மேசைக்கு முன் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம்மூரில் இந்தக் கோடு இன்னும் அழியவில்லை. கல்யாணப் பேச்சில் கூட வந்து நிற்கும்.

ஆனால் அந்த இரண்டு பேரும் முப்பது வருடங்களாக ஒரே குழுவில் ஆடினார்கள். அண்ணன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஆட்டம் உண்டு. ஓய்வு பெற்று இங்கேயே வந்தபின் ஞாயிறு தவறாது. ஆலைக்காரர்தான் எங்கள் தீரேர். கோலியில் வளர்ந்த கை அது. எட்டு மீட்டரில் எதிராளியின் குண்டு மேலேயே தன் குண்டை இறக்கி, அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்.

போன வருடம் ஜூலையில் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆனது. சர்க்கரை. கட்டை விரலில் ஒரு சின்னப் புண்ணாக ஆரம்பித்தது. உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படி நடந்திருக்கலாம், அதனால் விவரிக்கவில்லை.

தைப்பொங்கல் கழிந்து தொடர் ஆரம்பித்தது. எட்டுக் குழுக்கள், ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் ஒருமுறை. கத்திரி வெயிலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆலைக்காரரின் இடத்தில் ஓய்வுபெற்ற பிரெஞ்சு டீச்சரம்மா ஒருவர் சேர்ந்தார். அவரை மாற்று ஆட்டக்காரராகவும், அடிக்கும் வேலையை அண்ணனுக்கும் வைத்து, ஆலைக்காரர் பெயரையும் பட்டியலில் விட்டுவைத்தோம். அண்ணன் பிடிவாதமாகச் சொன்னார்: "பேரு இருக்கட்டும். அவன் வருவான்."

முதல் ஆட்டம் 13-9 என்று வென்றோம். இரண்டாவதில் 13-0 என்று தோற்றோம். பிரான்சில் இப்படி ஒரு புள்ளி கூட எடுக்காமல் தோற்றவர்களுக்கு ஒரு சடங்கு உண்டு. 'ஃபனி' என்ற பெண்ணின் பின்பக்கத்தைக் காட்டும் படமோ பொம்மையோ மன்றத்தில் வைத்திருப்பார்கள். தோற்றவர்கள் மண்டியிட்டு அதற்கு முத்தம் கொடுக்க வேண்டும். எங்கள் இடத்தில் அந்தப் படம் இல்லை. தோற்றவர்கள் எல்லோருக்கும் டீயும் மசால் வடையும் வாங்கித்தர வேண்டும். டீச்சரம்மா, "நல்ல வேளை, நம்மூர்ல வடையோட போச்சு" என்றார். மூன்றாவது ஆட்டமும் தோல்வி, நான்காவது வெற்றி.

ஆலைக்காரர் இரண்டாவது ஆட்டத்திலிருந்தே வந்துகொண்டிருந்தார். ஜெய்ப்பூர் கால் பொருத்தியிருந்தார்கள். மகன் வண்டியில் கொண்டுவந்து விடுவான். வேப்பமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். பேச மாட்டார். கையில் பழைய குண்டு ஒன்றை வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார். லா சியோத்தாவின் லெனுவார் கதை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்று அவரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஐந்தாம் ஆட்டத்துக்கு முந்தைய வாரம் சொல்தா அண்ணன் மகள் வீட்டுக்குப் பாரீஸ் போக வேண்டி வந்தது. இனி இந்தப் பருவத்தில் திரும்ப மாட்டார். நானும் டீச்சரம்மாவும் இரண்டு பேராக ஆடலாம், விதி இடம் கொடுக்கிறது. ஆனால் வராதவரின் குண்டுகள் கிடையாது. எதிரே ஆறு குண்டு, நம்மிடம் நான்கு. கிளம்பும் முன் அண்ணன் தன் தோல் பையை ஆலைக்காரர் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆலைக்காரர் அந்தப் பையோடு வந்தார். "கிளார்க்கண்ணே, நான் நிக்கிறேன்" என்றார்.

ஆட்ட வட்டத்தின் குறுக்களவு அதிகபட்சம் 50 சென்டிமீட்டர். இரண்டு காலையும் அதற்குள் வைத்தால் அவருக்கு உடல் தள்ளாடியது. நல்ல காலை உள்ளே ஊன்றி, பொருத்திய காலை வட்டத்துக்கு வெளியே அகட்டி வைத்தால்தான் நிலையாக நிற்க முடிந்தது. முதல் குண்டை வீசப் போகும்போது எதிர்க்குழுத் தலைவர், நாற்பது வயதுக்காரர், கையை உயர்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. ரெண்டு காலும் வட்டத்துக்குள்ள இருக்கணும்னுதானே விதி?"

அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. விதி அதுதான். ஆட்டத்தின் பெயரே அதுதானே. ஆலைக்காரர் பேசாமல் குண்டைக் கீழே இறக்கினார். நாற்காலி பக்கம் திரும்பிப் பார்த்தார்.

குமாஸ்தாவாக இருந்தவன் விதிப் புத்தகம் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டான். என் துணிப்பையில் சர்வதேச விதிகளின் பிரெஞ்சுப் பிரதி இருந்தது. ஆறாவது விதியை எடுத்து முதலில் பிரெஞ்சில் உரக்கப் படித்தேன், பிறகு தமிழில் சொன்னேன். ஒரு காலின் பயன்பாட்டை இழந்த ஆட்டக்காரர், ஒரு காலை மட்டும் வட்டத்துக்குள் வைத்தால் போதும். சக்கர நாற்காலியில் இருந்து ஆடுபவருக்கும், வீசும் கைப்பக்கச் சக்கரம் வட்டத்துக்குள் இருந்தால் போதும். படிக்கும்போது என் குரல் கொஞ்சம் அதிகமாகவே உயர்ந்துவிட்டது என்று டீச்சரம்மா பிறகு சொன்னார். முப்பத்தைந்து வருடம் எத்தனையோ சட்டப் பிரிவுகளைப் படித்துச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் அவை வந்தவருக்கு 'இல்லை' என்று சொல்லும் பிரிவுகள். 'உண்டு' என்று சொல்லும் பிரிவைப் படிக்கும் சந்தோஷம் எனக்கு அன்று கிடைத்தது.

எதிர்க்குழுத் தலைவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பிரெஞ்சு அவருக்கு வராது. ஆனாலும் பார்த்துவிட்டு, "சரி, ஆடுங்க" என்றார். பிறகு அவரே போய், ஆலைக்காரரின் வெளிக்கால் பதியும் இடத்தில் கிடந்த சரளைக் கற்களைக் காலால் ஒதுக்கிவிட்டார்.

முதல் குண்டு குறி தவறியது. இரண்டாவதும். எட்டு மாதம் கை வீசவே இல்லையே. மூன்றாம் சுற்றில் ஒரு 'டங்' சத்தம். எதிராளியின் குண்டு இரண்டு மீட்டர் தள்ளிப் போய் வேப்பமர வேரில் மோதி நின்றது. யாரும் கைதட்டவில்லை, அப்படிச் செய்தால் அவருக்குப் பிடிக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் குண்டைத் துணியால் துடைத்துக்கொண்டு அடுத்ததற்கு நின்றார். 13-11 என்று தோற்றோம். ஆறாவது ஆட்டத்தை 13-8 என்று வென்றோம். ஏழாவது தோல்வி. ஏழில் மூன்று வெற்றி, எட்டுக் குழுக்களில் ஐந்தாம் இடம். கோப்பை இல்லை, பரிசு இல்லை. அன்று மாலை பாரீசிலிருந்து போன் வந்தது. அண்ணன் கேட்ட முதல் கேள்வி, எத்தனை அடித்தான் என்பதுதான். குழு எத்தனையாவது இடம் என்று கேட்கவே இல்லை.

வரலாறு என்றால் கோட்டையும் ஒப்பந்தமும் தேதியும் என்றுதான் எங்களுக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள், அதுவும் பிரெஞ்சு அரசர்களின் தேதிகள். அந்தத் தேதிகள் பாதி மறந்துவிட்டன. 1962இல் போட்ட கையெழுத்தும் போடாத கையெழுத்தும் நம்மூர்க் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தன, அதுவும் வரலாறுதான். ஆனால் ஒரு மூட்டுவாதக்காரருக்காக அவருடைய நண்பர் தரையில் கிழித்த ஒரு வட்டம் நூறு வருடத்துக்கும் மேலாகக் கடல் தாண்டி நிற்கிறதே, அதையும் வரலாற்றில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வட்டத்துக்குள் நிற்பவரின் பாஸ்போர்ட் என்ன நிறம் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை காலோடு நிற்கிறார் என்றும் இப்போது கேட்பதில்லை.

எங்கள் வயதில் பலர் "இனி நமக்கென்ன" என்று வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடுகிறார்கள். முட்டி வலி, இடுப்பு வலி, சர்க்கரை, எல்லாம் எங்களுக்கும் உண்டு. குனிந்து குண்டு எடுக்க முடியாதவர்களுக்குக் கயிற்று நுனியில் காந்தம் கட்டி வைத்திருக்கிறோம், நின்றபடியே தூக்கிவிடலாம். அடுத்த தொடர் மழைக்காலம் முடிந்து, பொங்கலுக்குப் பிறகு. ஆலைக்காரரின் பெயர் பட்டியலில் முதலில் எழுதியாகிவிட்டது. நான்காவதாக மாற்று ஆட்டக்காரர் ஒருவர் இருந்தால் நல்லது. ஞாயிறு காலை ஏழு மணி. குண்டு நாங்கள் தருகிறோம், டீயும் உண்டு. வடை மட்டும் ஆட்டத்தின் முடிவைப் பொறுத்தது.